விண்டோஸும் லினக்ஸும் உள்ள கணினியில் பார்ட்டிஷன் அளவை மாற்றுதல்: இடம் இருக்கிறது, சேர்க்கத்தான் முடியவில்லை

கேள்வி: 3 மார்ச் 2024, ஞாயிறு, காலை 10.15

என் மடிக்கணினியில் 512 ஜிபி எஸ்எஸ்டி இருக்கிறது. விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட் 21 இரண்டையும் நிறுவியிருக்கிறேன். மின்ட்டுக்கு ஒதுக்கிய 31 ஜிபி நிரம்பிவிட்டது. சி டிரைவில் 250 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது. ஆனால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கப் பார்த்தால், 4 ஜிபிக்கு மேல் தர மறுக்கிறது. அதிலிருந்து 60 ஜிபி எடுத்து மின்ட்டுக்குக் கொடுக்க வேண்டும். காசு கொடுத்து மென்பொருள் வாங்காமல் இதைச் செய்ய வழி உண்டா, ஐயா?

3 மார்ச், காலை 11.50

வழி உண்டு. 250 ஜிபி காலியாக இருந்தும் 4 ஜிபிதான் கிடைக்கும் என்று விண்டோஸ் சொல்வதற்குக் காரணம், அந்தக் காலி இடம் பார்ட்டிஷனின், அதாவது வட்டில் தனியாகப் பிரித்த பகுதியின், கடைசியில் ஒரே துண்டாக இல்லை என்பதுதான். சுருக்குவது என்றால் வலது ஓரத்தை உள்ளே கொண்டுவருவது. அந்த ஓரத்துக்கு அருகில் இடம்பெயர்க்க முடியாத கோப்பு ஒன்றே ஒன்று உட்கார்ந்திருந்தாலும், அதைத் தாண்டி விண்டோஸ் ஓரத்தை நகர்த்தாது. உறக்கநிலைக்கான கோப்பு, மெய்நிகர் நினைவகத்துக்கான பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோரின் நிழல் பிரதிகள் ஆகியவையே வழக்கமாக இப்படி வழிமறிப்பவை. எந்தக் கோப்பு தடுக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. சுருக்க முயன்ற உடனே ஈவன்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன் பதிவேட்டில் 259 என்ற எண்ணுள்ள நிகழ்வைப் பாருங்கள். தடுத்த கோப்பின் பெயர் அங்கே எழுதியிருக்கும்.

நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து உறக்கநிலையை நிறுத்துங்கள். பேஜ் ஃபைலை "இல்லை" என்று மாற்றுங்கள். சிஸ்டம் ரெஸ்டோரை அணையுங்கள். கணினியை மறுபடி தொடக்கிச் சுருக்கிப் பாருங்கள். வேலை முடிந்த பின் பேஜ் ஃபைலையும் ரெஸ்டோரையும் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். உறக்கநிலையை மட்டும் நிறுத்தியபடியே விட்டுவிடுங்கள் என்பேன். விண்டோஸ் 8 முதல் இருந்துவரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற விரைவுத் தொடக்க வசதி அதைச் சார்ந்தது. அது இயங்கும் கணினியை நீங்கள் அணைத்தாலும் விண்டோஸின் கர்னல் (அதன் மையப் பகுதி) உண்மையில் அணைவதில்லை, உறங்குகிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவில் எதையாவது மாற்றினால், விழித்தெழும் விண்டோஸ் தன் நினைவில் இருப்பதுதான் உண்மை என்று நம்பி மேலே எழுதிவிடும்.

சுருக்கும் பெட்டியில் 60,000 என்று போடுங்கள்.

3 மார்ச், பகல் 12.30

மேலே எழுதியதில் ஒரு திருத்தமும் ஒரு விடுபடலும் உள்ளன. அந்தப் பெட்டி எம்பி கணக்கில் கேட்கிறது. விண்டோஸுக்கு ஒரு ஜிபி என்பது 1,024 எம்பி. ஆகவே 60 ஜிபிக்கு 61,440 போட வேண்டும். 512 ஜிபி என்று விற்ற எஸ்எஸ்டி விண்டோஸில் 476 ஜிபி என்று தெரிவதும் இந்தக் கணக்கு வேறுபாட்டால்தான். இடம் எங்கும் தொலைந்துவிடவில்லை.

விடுபட்டது பிட்லாக்கர், அதாவது வட்டை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. உங்கள் விண்டோஸ் 11 கணினியில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கலாம். சுருக்குவதற்கு முன்பு அதைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். 48 இலக்க மீட்புக் குறியீட்டை ஒரு தாளில் எழுதிக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே ஒரு கோப்பில் சேமித்து வைத்தால் தேவைப்படும் நேரத்தில் அதைத் திறக்கவே முடியாது.

4 மார்ச், திங்கள், இரவு 8.20

60 ஜிபி கிடைத்துவிட்டது என்றும், ஆனால் மின்ட்டின் ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் மென்பொருளில் மின்ட் பார்ட்டிஷனை வலம் இடம் எந்தப் பக்கமும் இழுக்க முடியவில்லை என்றும் கேட்டவர் எழுதியிருக்கிறார். அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இடமிருந்து வலமாக வரிசை இப்படி இருக்கிறது: முதலில் 100 எம்பி அளவுள்ள ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் (கணினியைத் தொடக்கும் கோப்புகள் உள்ளது), அடுத்து 16 எம்பி அளவில் மைக்ரோசாஃப்ட் ஒதுக்கி வைத்தது, பிறகு சுருங்கிய சி டிரைவ், அதன்பின் புதிதாகக் கிடைத்த 60 ஜிபி வெற்றிடம், அதையடுத்து சுமார் 700 எம்பியில் விண்டோஸின் மீட்புப் பார்ட்டிஷன், அப்புறம் 31 ஜிபி மின்ட், கடைசியில் 4 ஜிபி ஸ்வாப் (லினக்ஸின் மெய்நிகர் நினைவகத்துக்கான இடம்).

வெற்றிடத்துக்கும் மின்ட்டுக்கும் நடுவே மீட்புப் பார்ட்டிஷன் நிற்கிறது. ஒட்டியிராத இடத்தை ஒரு பார்ட்டிஷனோடு சேர்க்க முடியாது. மின்ட்டை நிறுவாமலே இயக்கும் நேரடி யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடக்கி, மீட்புப் பார்ட்டிஷனை இடப்பக்கம் 60 ஜிபி நகர்த்தி சி டிரைவோடு ஒட்டிவிட்டு, பிறகு மின்ட்டின் இடது ஓரத்தை இழுத்துப் பெரிதாக்குங்கள். மீட்புச் சூழல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை விண்டோஸ் குறித்து வைத்திருப்பதால், நகர்த்துவதற்கு முன்பு விண்டோஸுக்குள் அதை முடக்கி, நகர்த்திய பிறகு மறுபடி இயக்க வேண்டும்.

4 மார்ச், இரவு 11.10

சற்று முன் எழுதியதைச் செய்ய வேண்டாம், பொறுங்கள். எழுதி முடித்துப் படுத்த பிறகும் மனம் ஒப்பவில்லை.

2016ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு இதே வேலையைத் தொடங்கினேன். அது சுழலும் வன்தட்டு. 180 ஜிபி உபுண்டு பார்ட்டிஷனை இடப்பக்கம் 40 ஜிபி நகர்த்த வேண்டியிருந்தது. மடிக்கணினியின் பேட்டரி செயலிழந்து ஓராண்டாகியிருந்தது. எப்போதும் மின்கம்பியிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் அதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. ஜிபார்ட்டட்டின் பட்டை மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. மணி ஒன்பது அடித்ததும் மின்விசிறி நின்றது, திரையும் அணைந்தது. அன்று எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை. அறிவிப்பு முந்தைய நாள் நாளிதழிலேயே வந்திருந்தது. படித்தவர் என் மனைவி, எனக்குச் சொல்லவும் செய்திருந்தார்.

மின்சாரம் திரும்பியபோது அந்தப் பார்ட்டிஷன் பழைய இடத்திலும் முழுதாக இல்லை, புதிய இடத்திலும் முழுதாக இல்லை. மூன்று ஆண்டுகளாக மாணவர்களுக்காகத் தட்டச்சு செய்து சேர்த்த பாடக் குறிப்புகள் அதில் இருந்தன. ஃபோட்டோரெக் மென்பொருளை இரண்டு இரவுகள் ஓடவிட்டு நாலாயிரத்துக்கும் அதிகமான கோப்புகளை மீட்டேன். அவற்றில் ஒன்றுக்கும் பெயர் இல்லை. எஃப் என்ற எழுத்தும் அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட எண்ணுமாக வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து, முதல் பத்தியைப் படித்து, எந்தப் பாடம், எந்த ஆண்டு என்று பெயரிட்டேன். சிலவற்றுக்கு இன்றும் பெயரில்லை.

5 மார்ச், செவ்வாய், காலை 6.40

நேற்றிரவு எழுதியது பயமுறுத்துவதற்காக அல்ல. எது ஆபத்து, எது இல்லை என்பதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பார்ட்டிஷன் என்பது ஒரு வயல் என்று வைத்துக்கொண்டால், அளவை மாற்றுவது வரப்பை வெட்டிப் போடுவது. வலப்பக்க வரப்பைத் தள்ளிப் போட்டால் பயிர் நின்ற இடத்திலேயே நிற்கும். கூடுதல் நிலம் மட்டும் சேரும். கோப்பு முறைமை (எந்தக் கோப்பு எங்கே என்று கணக்கு வைக்கும் அமைப்பு) தன் கணக்கையெல்லாம் தொடக்கத்திலிருந்துதான் எண்ணுகிறது. ஆகவே முடிவு தள்ளிப்போனால் எந்தக் கோப்பும் இடம் மாற வேண்டியதில்லை. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4 உள்ள பார்ட்டிஷனை இயங்கிக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கம் பெரிதாக்கலாம், சில நொடி வேலை. சுருக்குவதற்குத்தான் அதை இணைப்பிலிருந்து கழற்ற வேண்டும். அதிலும் முதலில் கோப்பு முறைமையைச் சுருக்கி, அதன்பிறகே வரப்பை உள்ளே கொண்டுவர வேண்டும். வரிசை மாறினால் பயிரின் மேலேயே வரப்பு விழும். எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை வைத்திருப்பவர்கள் சுருக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

இடப்பக்க வரப்பு வேறு கதை. தொடக்கம் மாறினால் உள்ளே இருக்கும் அத்தனையும் பெயர்ந்து அந்தப் புதிய தொடக்கத்திலிருந்து நடப்பட வேண்டும். ஜிபார்ட்டட்டில் இரண்டு செயலுக்கும் ஒரே அம்புக்குறி, ஒரே பெட்டி. இடது அம்பை இழுக்கும்போது வருகிற எச்சரிக்கையை ஒரு நொடியில் மூடிவிடுகிறோம். இந்த இழையில் எதையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால், இதைத்தான் கேட்பேன்: எத்தனை ஜிபி என்று பார்ப்பதற்கு முன் எந்த ஓரம் என்று பாருங்கள்.

5 மார்ச், காலை 7.15

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் விபத்தையும் இவருடைய வேலையையும் ஒரே தட்டில் வைத்தது சரியில்லை. 180 ஜிபியை 40 ஜிபி தூரம் நகர்த்தியபோது பழைய இடமும் புதிய இடமும் 140 ஜிபி அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. எழுத எழுதப் பழைய பிரதி அழிந்துகொண்டே வந்தது. இவருடைய கணினியிலோ 31 ஜிபி 60 ஜிபி தூரம் நகர்கிறது. இரண்டும் எங்கும் தொட்டுக்கொள்வதில்லை. நடுவில் நின்றுபோனாலும் பழைய தரவு அதன் இடத்திலேயே இருக்கும். பார்ட்டிஷன்களின் தொடக்கமும் முடிவும் குறித்து வைத்த அட்டவணையைப் பழையபடி எழுதிவிட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும். எஸ்எஸ்டி என்பதால் வேலையும் சில நிமிடங்களில் முடியும்.

ஆகவே இது செய்யவே கூடாத வேலை இல்லை. தேவையா என்பதுதான் கேள்வி.

5 மார்ச், இரவு 9.00

தேவையா என்று கேட்டுவிட்டு, அந்த 31 ஜிபி எதனால் நிரம்பியது என்று முதல் நாளே கேட்காமல் விட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இப்போது அவர் கோப்புறை வாரியாக அளந்து அனுப்பியிருக்கிறார்: அவருடைய சொந்தக் கோப்புகள் உள்ள ஹோம் கோப்புறை 8 ஜிபி, மின்ட்டைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்ட் எடுத்து வைத்த பிரதிகள் 11 ஜிபி, மின்ட்டும் அதன் மென்பொருள்களும் சுமார் பத்தரை ஜிபி. மொத்தம் இருபத்தொன்பதரை. மீதி ஒன்றரை ஜிபி எங்கே, ஏன் பூஜ்யம் என்று காட்டுகிறது என்று கேட்கிறார். இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 விழுக்காட்டு இடத்தை ரூட் பயனருக்கென்று (நிர்வாகிக்கு) ஒதுக்கி வைக்கிறது. 31 ஜிபியில் அது ஏறத்தாழ ஒன்றரை ஜிபி. நிரம்பி வழியும் வேளையிலும் கணினி எழுந்து நிற்பதற்கான இடம் அது. மின்ட் நிறுவியிருக்கும் ரூட் பார்ட்டிஷனில் அதைக் குறைக்க வேண்டாம்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் வழி தெளிவாகிவிட்டது. நிரப்பியிருப்பவற்றில் 19 ஜிபி மின்ட்டின் பார்ட்டிஷனில் இருந்தே ஆக வேண்டியவை அல்ல. வெற்றிடத்தை மின்ட்டிடம் கொண்டுபோக வேண்டாம். கோப்புகளை வெற்றிடத்துக்குக் கொண்டுபோங்கள். அந்த 60 ஜிபியில் புதிதாக ஓர் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் உருவாக்கி, அதை ஹோம் ஆக இணைத்து, டைம்ஷிஃப்ட்டின் பிரதிகளையும் அங்கேயே சேமிக்கச் சொல்லுங்கள். எந்தப் பார்ட்டிஷனும் அசைய வேண்டியதில்லை.

9 மார்ச், சனி, காலை 10.30

செய்யும் முறையைக் கேட்டிருந்தார். நான் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்பு பார்ட்டிஷன் அட்டவணையை ஒரு கோப்பாக எடுத்து வேறொரு யூஎஸ்பியில் போட்டுவிடுவேன். எஸ்எஃப்டிஸ்க் கருவியே அதைத் தரும். அதோடு ஒரு தாளில் ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்க செக்டர், முடிவு செக்டர் இரண்டையும் கையால் எழுதிக்கொள்வேன். 2016க்குப் பிறகு ஏற்பட்ட பழக்கம் இது. ஹோம் கோப்புறையின் பிரதி ஒன்று வெளி வட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன், ஆனாலும் சொல்கிறேன். பேட்டரி முழுதாக ஏறியிருக்கட்டும்.

நேரடி யூஎஸ்பியில் கணினியைத் தொடக்கி, வெற்றிடத்தில் புதிய பார்ட்டிஷனை உருவாக்குங்கள். பழைய ஹோமின் உள்ளடக்கத்தை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைக் கொண்டு, உரிமைகளும் உரிமையாளர் விவரமும் மாறாமல், அதற்குள் நகலெடுங்கள். கோப்பு மேலாளரில் இழுத்துப் போட்டால் புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புகள் விடுபடக்கூடும். பிறகு புதிய பார்ட்டிஷனின் யூயூஐடியை (அதற்கே உரிய அடையாளக் குறியீடு) பார்த்து, எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று மின்ட்டுக்குச் சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சாதனப் பெயரை எழுதாதீர்கள், யூயூஐடியையே எழுதுங்கள். நடுவில் உருவாக்கிய பார்ட்டிஷனுக்குக் கடைசி எண் கிடைக்கும். ஏழு என்ற எண் நாலுக்கு முன்னால் நிற்கும். வரிசை தவறிவிட்டது என்று சில கருவிகள் குறிப்பிட்டாலும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அழகுக்காக எண்களை வரிசைப்படுத்தப் போய்விடாதீர்கள்.

மீட்புப் பார்ட்டிஷனை அழித்துவிட்டால் எல்லாம் சுலபமாகிவிடுமே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அழிக்கலாம், விண்டோஸ் தொடங்கத்தான் செய்யும். ஆனால் விண்டோஸ் தொடங்காத நாளில் கைகொடுப்பது அதுதான். இந்த ஆண்டு ஜனவரியில் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று அந்தப் பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் இருக்க வேண்டும் என்று கேட்டது. 700 எம்பியை மிச்சப்படுத்த அதை இழக்க வேண்டாம்.

10 மார்ச், ஞாயிறு, மாலை 5.45

எல்லாம் செய்தும் மின்ட் பார்ட்டிஷனில் ஒரு எம்பி கூடக் காலியாகவில்லை என்று எழுதியிருக்கிறார். தவறு என்னுடையது, முக்கியமான ஒரு படியைச் சொல்லாமல் விட்டேன்.

நகலெடுத்ததால் பழையவை அழியவில்லை. புதிய பார்ட்டிஷனை ஹோம் என்ற கோப்புறையின் மேல் இணைத்ததும், அதே கோப்புறையில் ஏற்கெனவே இருந்தவை கண்ணுக்கு மறைந்துவிட்டன. பாயை விரித்தால் அடியில் கிடப்பது தெரியாது, ஆனால் கிடக்கும். நேரடி யூஎஸ்பியில் மறுபடி தொடக்கி, மின்ட் பார்ட்டிஷனை மட்டும் இணைத்துப் பாருங்கள். பழைய 8 ஜிபியும் அப்படியே இருக்கும். உடனே அழிக்க வேண்டாம். பழைய கோப்புறைக்கு வேறு பெயர் கொடுத்து, வெற்றுக் கோப்புறை ஒன்றை ஹோம் என்ற பெயரில் உருவாக்கி வையுங்கள். ஒரு வாரம் பயன்படுத்தி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு அழியுங்கள். டைம்ஷிஃப்ட்டின் பழைய பிரதிகளைக் கோப்பு மேலாளரில் அழிக்காமல் டைம்ஷிஃப்ட்டுக்குள்ளிருந்தே நீக்குங்கள்.

17 மார்ச், ஞாயிறு, காலை 9.20

பழைய கணினி வைத்திருக்கும் ஒருவர், புதிய பார்ட்டிஷனை விண்டோஸிலிருந்தே உருவாக்கினால் என்ன என்று கேட்கிறார். அவருடையது விண்டோஸ் 7, எம்பிஆர் என்ற பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை. தயவுசெய்து வேண்டாம்.

என் சித்தி மகனுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. 2013இல் அவனுக்கு உதவப் போய், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புதிய பார்ட்டிஷன் உருவாக்கக் கட்டளையிட்டேன். எம்பிஆர் அட்டவணையில் முதன்மைப் பார்ட்டிஷன்கள் நான்குதான் இருக்க முடியும். அந்த வட்டில் நான்கும் ஏற்கெனவே இருந்தன. ஐந்தாவதைக் கேட்டதும், முடியாது என்று சொல்வதற்குப் பதிலாக, வட்டை டைனமிக் வட்டாக மாற்றவா என்று ஒரு பெட்டி வந்தது. மாற்றினால் மற்ற இயங்குதளங்களைத் தொடக்க முடியாது என்று அதில் தெளிவாக எழுதியும் இருந்தது. நான் படிக்காமல் "சரி" என்று அழுத்தினேன். விண்டோஸ் தொடங்கியது, லினக்ஸ் அதற்குப் பிறகு தொடங்கவே இல்லை. டைனமிக் வட்டைப் பழைய நிலைக்குத் திருப்ப, எல்லாவற்றையும் அழிப்பதைத் தவிர விண்டோஸ் வேறு வழி தருவதில்லை. அவனுடைய கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு முழுவதையும் துடைத்து நிறுவினோம்.

புதிய கணினிகளில் உள்ள ஜிபிடி அட்டவணை வழக்கமாக 128 பார்ட்டிஷன்கள் வரை ஏற்கும் என்பதால் முதலில் கேட்டவருக்கு இந்தத் தொல்லை இல்லை. எம்பிஆர் வைத்திருப்பவர்கள் விண்டோஸில் சுருக்குவதோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை ஜிபார்ட்டட்டில் செய்யுங்கள்.

24 மார்ச், ஞாயிறு, இரவு 8.50

கேட்டவரிடமிருந்து இன்னொரு கடிதம். இடப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஆனால் இப்போது மின்ட் தொடங்கும்போது கறுப்புத் திரையில் ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்கிறதாம். துருவிக் கேட்டதில், கடைசியில் இருந்த 4 ஜிபி ஸ்வாப்பை அழித்து, மின்ட்டின் வலது ஓரத்தை இழுத்து 35 ஜிபி ஆக்கியதாகச் சொன்னார். ஓரத்தைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். இயங்கிக்கொண்டிருக்கும் மின்ட்டிலிருந்தே அதைச் செய்ய முடிந்தது என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார்.

அந்த ஒன்றரை நிமிடம், இல்லாத ஸ்வாப்புக்காகக் கணினி காத்திருக்கும் நேரம். எஃப்எஸ்டாப் கோப்பில் பழைய ஸ்வாப்பின் யூயூஐடியோடு ஒரு வரி இன்னும் இருக்கும். மின்ட்டைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி அந்தச் சாதனம் வரும் என்று 90 நொடி பார்த்துவிட்டுத்தான் மேலே போகும். அந்த வரியின் தொடக்கத்தில் # என்ற குறியைப் போட்டுச் செயலிழக்கச் செய்யுங்கள். உறக்கத்திலிருந்து மீள்வதற்கான ரெஸ்யூம் என்ற சிறு கோப்பு ஒன்று, மின்ட் தொடங்கும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸின் அமைப்புகளில் இருக்கலாம். அதிலும் அதே யூயூஐடி இருந்தால் நீக்கிவிட்டு, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் இனி வேண்டாம். ரூட்டில் இப்போது இடம் தாராளமாக இருக்கிறது. 2 ஜிபியில் ஒரு ஸ்வாப் கோப்பு போதும்.

25 மார்ச், திங்கள், காலை 7.05

11 நொடியில் தொடங்குகிறதாம்.